தங்கச்சி என்று கூப்பிடாத டாக்டர்

டோக்கன் பதினாலு. இப்போதுதான் ஆறு போகிறது.

எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். திரும்பி வருவதற்குள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். நல்லதாய்ப் போயிற்று. நின்றால் வாசல் தெரியும். தெரிந்த முகம் ஏதாவது வந்தால் பின்பக்கம் நழுவிவிடலாம்.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு பஸ் ஏறி வந்திருக்கிறாள். வீட்டில் சொன்னது, பிளவுஸ் துணி எடுக்கப் போகிறேன் என்று.

ஒரு புது டாக்டரைப் பார்க்க இத்தனை திருட்டுத்தனமா? அவளுக்கே எரிச்சலாக வந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அருணகிரி டாக்டர்தான். தங்கமான மனுஷன். அவர் கை பட்டாலே பாதிக் காய்ச்சல் இறங்கும். அவள் புருஷனோடு ஒன்றாய்ப் படித்தவர். கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவியதும் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டார். அதோடு விட்டிருக்கலாம். மகளின் காதுகுத்துக்கு, சிங்கப்பூரில் இருந்த அவள் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் மடிக்கு எங்கே போவது? அருணகிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையை அவர் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள்.

அன்றிலிருந்து அண்ணனேதான்.

அண்ணனிடம் போய், மார்பில் கட்டி என்று எந்த வாயால் சொல்வது? சொன்னாலும், எப்படிக் காட்டுவது?

சொல்லத்தான் மூன்று தடவை போனாள்.

முதல் தடவை முழங்கால் வலி என்றாள். அடுத்த தடவை இருமல். மூன்றாம் தடவை அவரே கேட்டார். “என்ன தங்கச்சி, முகமே சரியில்லையே?”

தூக்கம் வரவில்லை என்றாள். அது மட்டும் பொய்யில்லை.

வலிக்காத முழங்காலுக்கு ஒரு வாரம் மாத்திரை விழுங்கினாள், அந்த மனுஷனை ஏமாற்றிய பாவத்துக்கு.

ஒன்பது போகிறது.

புருஷனிடம் சொல்லலாம். சொன்ன மறுநிமிஷம் அருணகிரிக்குத்தான் போன் போடுவார்.

பாத்ரூமுக்குப் போனாள். தொட்டுப் பார்த்தாள். ஒருவேளை கரைந்திருக்காதா என்று ஒரு நப்பாசை.

இருந்தது.

பயமாக இருந்தது. பேசாமல் பஸ் ஏறிவிடலாமா என்று வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள்.

“பதினாலு!”

புது டாக்டர் ஒரு பெண். அவள் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். பேர் என்ன, வயசு என்ன, என்ன செய்யுது. அவ்வளவுதான். யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, எதுவும் கேட்கவில்லை.

அப்பாடா.

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

திரைக்குப் பின்னால் படுத்தாள். ஜில்லென்று விரல்கள். கட்டியைத் தொட்டன. அக்குளுக்குப் போயின. அங்கே கொஞ்சம் நின்றன. மறுபடியும் அழுத்திப் பார்த்தன.

“எவ்வளவு நாளா இருக்கு?”

போன வாரம்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். இனியும் என்னத்துக்குப் பொய்?

“ஏழு மாசம்.”

திட்டுவாள் என்று பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

டாக்டர் கை கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தது திரை இடுக்கில் தெரிந்தது. ஒன்றும் எழுதவில்லை.

“கூட யாரும்மா வந்திருக்கா?”

கொக்கி மாட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

மாமனாருக்கு முடியாமல் போனபோது பெரிய ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டு, அவர் மகனை மட்டும் தனியே கூட்டிப்போனார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கைப்பைக்குள் போனைத் தேடினாள். அகப்படவில்லை.

“அண்ணன் ஒருத்தர் இருக்காரு,” என்றாள். “கூப்பிட்டா ஓடி வந்துருவாரு.”