கேட்டு நடந்த வழி

"போகலாமாம்மா?"

வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார் கண்டக்டர். கடலோரத்துப் பெரிய வீட்டின் பக்கவாசல் ஓரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி சரியென்று தலையாட்டினார். முன்வாசலில் கார் ஹாரன் கேட்டதும் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

கண்டக்டர் மனைவியின் கையைப் பிடித்து, மதில் ஓரமாக மெல்ல நடத்திக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். வாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்ட பிறகு, மனைவிக்குச் சாயங்கால மணலும் அலையும்தான் உலகம். பெரிய ரோட்டைச் சுற்றிப் போவதென்றால் பாதி தூரம்கூட அவரால் முடியாது.

"ஏங்க, நாளைக்கு நகராட்சி விசாரணைல நீங்க பேசித்தான் ஆகணுமா?" என்றார் மனைவி. அலை அவர் காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது.

"இந்த வழில ரொம்ப நாளா நடக்கிற ஆளு நான்தானாம். தெருச் சங்கத்துல விடமாட்டேங்கிறாங்க. எனக்கும் அலுத்துப் போச்சு. இதோட முடிஞ்சாச் சரி."

"வழியை அடைச்சுட்டாங்கன்னா?"

அவர் குனிந்து மனைவியின் சேலை ஓரத்து ஈரத்தைப் பிழிந்துவிட்டார்.

அலுக்காமல் என்ன செய்யும்? மதிலுக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவே கிடக்கும் ஒற்றையடிப் பாதை அது. அதை அடைத்துக் கேட் போடப் போகிறேன் என்று வீட்டுக்காரர் கிளம்பியதிலிருந்து தெருவே இரண்டுபட்டுக் கிடந்தது. கடலுக்கு வருகிறவன் அவர் வாசலை மறித்து வண்டியை நிறுத்துவான், காலி பாட்டிலை மதிலுக்குள் எறிவான். அவர் மாடியில் நின்று ஊரைக் கூட்டுவார். யோக்கியம் இரண்டு பக்கமும் இல்லை.

கண்டக்டர் மட்டும் தானுண்டு தன் நடையுண்டு என்று இருந்தார். வேலை பார்த்த காலம் முழுக்க டிக்கெட் இல்லாமல் ஒருத்தரையும் பஸ்ஸில் விடாத மனுஷர். அடுத்தவர் மதில் ஓரம் கேட்காமல் நடக்க அவருக்குக் கூசியது.

மறுநாள் காலை நகராட்சி அதிகாரி வந்து, பாதை முனையிலேயே நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். அவருக்கும் அன்றைக்கு இன்னும் எத்தனையோ சண்டைகள் பாக்கி இருந்திருக்க வேண்டும். வந்ததுமே கொட்டாவி விட்டார்.

"விஷயம் இவ்வளவுதான். ஜனங்க யாரையும் கேட்காம காலங்காலமா நடந்திருந்தா, இது பொது வழி. வீட்டுக்காரங்க அனுமதியோட நடந்திருந்தா, அவங்க வழி. நினைச்சா அடைச்சுக்கலாம்."

சங்கத் தலைவர் கண்டக்டரை முன்னால் தள்ளிவிட்டார். வீட்டுக்காரரின் வக்கீல் வெயிலில் நின்று களைத்துப் போயிருந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"இந்த வழியாப் போறப்போ யார்கிட்டயாவது கேட்பீங்களா?"

"கேட்காம எப்படிங்க? தினமும் கேட்டுட்டுத்தான் போவேன்."

சங்கத் தலைவர் நெற்றியில் கை வைத்தார். "தவளை தன் வாயால கெடும்பாங்க. இது தெருவையே கெடுத்துருச்சு."

வக்கீலுக்கு உயிர் வந்துவிட்டது. "யார்கிட்ட கேட்பீங்க?"

டீ கிளாஸ்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அப்போதுதான் பக்கவாசலில் இருந்து வந்துகொண்டிருந்தார் அந்த அம்மா. கண்டக்டர் கை காட்டினார். "இதோ, இந்த வீட்டம்மாகிட்டத்தான்."

வீட்டுக்காரர் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வக்கீல் அவரைக் கையமர்த்தினார்.

"கேட்டுக்கிட்டீங்களா சார்? இவர் அனுமதி கேட்டிருக்கார், அவங்க கொடுத்திருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. மரியாதை என்று நினைத்துச் செய்தது, கடைசியில் தன் மனைவி தலையிலேயே மண்ணள்ளிப் போட்டுவிட்டது. தெரு முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. இனி அவளுக்குக் கடல் இல்லை.

அதிகாரி டீயை எடுத்துக்கொண்டார். "ஏம்மா, இவர் சொல்றது நிஜமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த அம்மா தட்டைத் திண்டின் மேல் வைத்தார். வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்தார். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினார்.

"நிஜந்தாங்க. தினமும் கேட்பாரு, நானும் தலையாட்டுவேன். என்னையும் ஒரு ஆளா மதிச்சு ஒருத்தர் கேட்கிறப்போ, வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."

வக்கீல் சிரித்துக்கொண்டே பையை மூடினார். அதிகாரியும் எழுந்துகொள்ளப் போனார்.

அந்த அம்மா களைத்துப்போன குரலில் சொல்லி முடித்தார். "ஆனா நான் இங்க சமைக்க வர்றவங்க."