நகத்தில் ஒரு படகு

கணவன் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போன அன்று, பெல்சி தன் இடது கட்டைவிரல் நகம் முழுக்க நீல நெயில் பாலிஷ் பூசினாள். காய்ந்ததும் அடிப்பக்கத்தில், தோலை ஒட்டி, குண்டூசி முனையால் வெள்ளையில் ஒரு படகு வரைந்தாள். அதன் முகப்பு நகநுனியைப் பார்த்திருந்தது. உதிராமலிருக்க நாள்தோறும் மேலே நிறமில்லாப் பூச்சு ஒன்று பூசினாள். நகம் வளர வளரப் படகு தோலைவிட்டு விலகியது. பின்னால் தெரிந்த வெறும் நகத்தையும் அவளே நீலத்தால் நிரப்பினாள். கடல் பெரிதாகிக்கொண்டே போனது.

கூடப் போன படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. நகத்திலிருந்த படகு விளிம்புக்கு வந்துவிட்டது. நாத்தனார் ஜெனிலா நகவெட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மைனி, எங்கயாவது மாட்டி ஒடஞ்சிரும். நான் வெட்டி விடட்டா?"

"இதுல மட்டும் கைய வைக்காத. படகு விழுந்திரும்லா."

ஜெனிலா நகவெட்டியை மடக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை அரிசி களைந்து கையை உதறியபோதுதான் பெல்சி பார்த்தாள். படகு அதே விளிம்பில் நின்றது. முகப்பு மட்டும் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அடியில் புதிதாக வளர்ந்திருந்த நகத்துக்கு அன்று அவள் நீலம் பூசவில்லை. கரை என்று ஒன்று வேண்டுமே.