தகைவிலான் கட்டிய கூடு

"கத்தாதே! கூடு முடியற வரைக்கும் வாயைக் கட்டு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான் ஜுமாஷ்.

"நானா கத்தறேன்? உப்பு டீயில உப்பு பத்தலேன்னு கிண்ணத்தை விட்டெறிஞ்சது யாரு?" சைராகுலும் கிசுகிசுப்பாகவே திருப்பிக் கொடுத்தாள்.

சண்டை போடும் வீட்டில் தகைவிலான் குருவி தங்காது. நாரின் என்ற அந்த மலையாற்றின் கரையில் இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பக்கத்து வீட்டு உத்தரத்தில் வரிசையாகக் கூடுகள். இவர்கள் வீட்டுக்கும் வசந்தம்தோறும் ஒரு ஜோடி வரும், நாலு உருண்டை மண் வைக்கும், புருஷன் பெண்டாட்டி பேச ஆரம்பித்ததும் கிளம்பிவிடும்.

இந்த வருஷம் அப்படி விட முடியாது. மகள் பெகாயிமைப் பெண் பார்க்க, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறார்கள். பையனின் அம்மா கானிம்குல், எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உத்தரத்தைத்தான் பார்ப்பாளாம்.

"அவரைத் தவிர வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அவங்க வர்ற அன்னிக்காவது மானத்தை வாங்காதீங்க" என்று பெகாயிம் அழுதே விட்டாள்.

சைராகுல் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். "பாதிதானே ஏறியிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"அவசரப்பட்டா நடக்கிற காரியமா இது? ஆத்து மண்ணு, உருண்டை உருண்டையா. ஒரு வரிசை காய்ஞ்சாத்தான் அடுத்த வரிசை. ஈரத்தோட ஏத்தினா மொத்தமும் கீழே வந்துடும்."

"எல்லாம் தெரிஞ்சவருதான். போய்க் கையைக் கழுவுங்க, நகமெல்லாம் மண்ணு."

உருளைக்கிழங்கு நடும் பருவம். ஊரில் யார் நகம்தான் சுத்தமாக இருந்தது?

வெள்ளிக்கிழமை கானிம்குல் வந்தாள். வாசலைத் தாண்டியதும் அண்ணாந்தாள். உத்தரத்தில் அழகான கிண்ணம் மாதிரி கூடு. விளிம்பில் ஒரு வெள்ளை இறகுகூட எட்டிப் பார்த்தது.

"குருவிங்க எங்கே?"

"இரை தேடப் போயிருக்கு" என்றார்கள் ஜுமாஷும் சைராகுலும் ஒரே குரலில். இருவரும் ஒத்துப்போய் எத்தனையோ வருஷமாகியிருந்தது.

கானிம்குல் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கூட்டின் விளிம்பை விரலால் தடவினாள். கொஞ்சம் சுரண்டி முகர்ந்தும் பார்த்தாள்.

கீழே இறங்கினாள். மடியிலிருந்து வெள்ளித் தோடுகளை எடுத்து பெகாயிமின் காதில் மாட்டினாள். சம்பந்தம் முடிந்தது. சைராகுல் சந்தோஷத்தில் விசும்பினாள், அதையும் சத்தம் வராமல்.

எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். கானிம்குல் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டபடி ஜுமாஷ் பக்கம் சாய்ந்தாள்.

"சம்பந்தி, வெறும் மண்ணுல கட்டியிருக்கீங்களே. குதிரைவால் முடி கொஞ்சம் கலந்துக்குங்க. போன வருஷம் எங்க மூத்தவனுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்தப்போ, எங்க வீட்டுக்காரர் கட்டினது அவங்க தலையிலேயே விழுந்துடுச்சு."