எழுத்து எழுத்தாக

இருபத்திரண்டு மணி நேரமாகக் கணினி பேசவில்லை.

அவள் விசைப்பலகையின் மேல் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே விசிறி சுற்றியது. அவ்வளவுதான்.

பழைய இயங்குதளத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவதாக இன்னொன்றை நேற்றுதான் ஏற்றினாள். ஏற்றும்போதெல்லாம் பேசிக்கொண்டே வந்தது. எல்லாம் முடிந்து, அணைத்துத் திறந்ததும் வாயை மூடிக்கொண்டது.

ஒலிக்கான டிரைவர் மென்பொருள் ஏதோ ஒன்று இல்லை. எது என்று திரையில் எழுதியிருக்கும்.

திரை அவளுக்கு வெறும் கண்ணாடி. பிறந்ததிலிருந்தே.

அன்று மதியம் இரண்டு மணிக்கு இணையவழித் தேர்வு. பார்வையற்றோருக்கான மென்பொருளைச் சோதித்துச் சொல்லும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். நாற்பது விண்ணப்பங்களுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு.

புதியதில்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அது பேசாவிட்டால் முதல் கேள்வியே அவளை வந்து சேராது.

போனின் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தாள். பொடி எழுத்துகளை அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் படித்தது.

அண்ணன் துறைமுகத்தில் ஷிப்டில் இருந்தான். உள்ளே போன் கிடையாது. அம்மா ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள்.

வீட்டில் மதினி மட்டும். அண்ணனைக் கல்யாணம் பண்ணி வந்து பதினேழு நாள்.

திரையைப் படிக்கச் சொல்லி நேற்றிலிருந்து மூன்று முறை கேட்டாயிற்று.

“என்னமோ இல்லைன்னு போட்டிருக்கு.”

இரண்டாம் முறை, “அதேதான்.”

மூன்றாம் முறை அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அடுப்பு எரியும் சத்தம் கேட்கவில்லை.

கண் தெரியாதவளுக்கு இவ்வளவு சொன்னால் போதும் என்று நினைப்பவர்களை அவளுக்குத் தெரியும். ரேஷன் கடையில் உண்டு. வங்கியில் உண்டு. இப்போது வீட்டுக்குள்ளும் ஒருத்தி.

பன்னிரண்டு மணிக்கு ரோஷத்தைக் கீழே வைத்தாள்.

“மதினி, அர்த்தம் வேண்டாம். ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க. போதும்.”

நாற்காலி நகர்ந்தது. வளையல்கள் மேசையில் பட்டன.

“எஸ்.”

வெகு நேரம் கழித்து, “ஓ.”

மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டாள்.

“டி-யா எஃப்-ஆ தெரியலையே, சுகிர்தா. ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு.”

சுகிர்தா உள்ளங்கையை நீட்டினாள்.

“இதுல வரைஞ்சு காட்டுங்க.”

ஈர விரல். வெங்காய வாசனை.

மேலே ஒரு வளைவு. நேராக ஓர் இறக்கம். நடுவில் குறுக்கே ஒரு கோடு.

பள்ளியில் மர எழுத்துகளைத் தடவிப் பார்த்தது விரல்களுக்கு மறக்கவில்லை. வளைவு மேலே இருந்தால் எஃப்.

மூன்று எழுத்து. எந்த டிரைவர் என்று தெரிந்துவிட்டது.

போனைக் கேபிளில் இணைத்து இணையம் கொடுத்தாள். அந்த டிரைவரை ஏற்ற, மனப்பாடமாக இருந்த கட்டளையைத் தட்டினாள். ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

“வரியெல்லாம் மேல ஏறுது,” என்றாள் மதினி. “ஏறுது... ஏறுது... நின்னுட்டு.”

அணைத்தாள்.

திறந்தாள்.

விசிறி. விசிறி. விசிறி.

‘ஸ்கிரீன் ரீடர் ஆன்’ என்றது கணினி, திரையைப் படிக்கும் பெண் குரலில்.

அவள் நெற்றியை மேசையில் வைத்தாள். ஒரு விசையைத் தட்டி மணி கேட்டாள். பன்னிரண்டு நாற்பது என்றது. இன்னொரு முறை தட்டினாள், கேட்பதற்காகவே. பன்னிரண்டு நாற்பது.

“ஐயே, இவ என்ன மூக்கால பேசுதா!”

மதினி சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரிப்பது இதுதான் முதல் முறை. சுகிர்தாவுக்கும் சிரிப்பு வந்தது.

“எனக்கு இவ போதும் மதினி. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

சிரிப்பு நின்றது.

“தொந்தரவுன்னு யாரு சொன்னா?”

சுகிர்தா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“எனக்கு இங்கிலீஷு எழுத்துக்கூட்டித்தான் வரும். அதுவும் பாதி வராது. நீங்க மறுபடி படிக்கச் சொன்னப்ப, அதான் பால் இருக்குன்னு எந்திச்சுப் போனேன்.”

நாற்காலி இன்னும் அருகில் வந்தது.

“பி.ஏ.ன்னு தரகர் சொல்லிட்டாரு. உங்க அண்ணனுக்கே இன்னும் தெரியாது.”

மதினி நீளமாக மூச்சு விட்டாள். பதினேழு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அது.

“நான் எட்டாவதுதான், சுகிர்தா.”