ஆறரை மணிக் கூட்டம்

“நீ இன்னும் பத்து நிமிஷம் ஊறு. நான் போய் பொகாச்சா ரொட்டி வாங்கி வைக்கறேன்” என்று மனைவி ஹெட்விக்கிடம் சொல்லிவிட்டு வில்மோஷ் குளத்துப் படியேறினார்.

“ஓடறாரு பாரு! வழியிலேயே பாதியைத் தின்னுட்டு மீதியைத்தான் உங்க கண்ணுல காட்டுவாரு” என்றார் ஆகோஷ். வெந்நீருக்கு மேல் மிதந்த தலைகள் எல்லாம் சிரித்தன.

வில்மோஷ் திரும்பாமலே கையை ஆட்டினார். பிப்ரவரிக் குளிரில் குளத்திலிருந்து எழுந்த ஆவி அவரை மூடிக்கொண்டது.

ரொட்டிக்கடை வாசலிலேயே விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

பதினைந்தாம் நாள் காலையில் ஹெட்விக் அந்த வெந்நீர்க் குளம் இருந்த மஞ்சள் மாளிகைக்குத் தனியாக வந்தாள். அந்த ஊர் வழக்கப்படி இரண்டு வாரம் கழித்து, முந்தின நாள்தான் அடக்கம் நடந்திருந்தது.

“வாங்கம்மா” என்று எழுந்தாள் உடை மாற்றும் அறைகளைக் கவனிக்கும் யூடிட். “இவ்வளவு சீக்கிரம் வருவீங்கன்னு நினைக்கலை.”

“குளிக்க வரலை. குளத்துல இருக்கற நம்ம கூட்டத்தை நாலு வார்த்தை கேட்டுட்டுப் போக வந்தேன். குளிக்க வாங்கின எங்க வருஷ அனுமதிச் சீட்டு ரெண்டையும் இன்னிக்கே திருப்பிக் கொடுத்துடுவேன்.”

“அம்மா, ஆத்திரத்துல எதுவும்...”

“நான் சொன்ன சேதியை அவங்களுக்குச் சொன்னியா இல்லையா?”

“சொன்னேனே! நாள், நேரம், எந்தக் கல்லறைத் தோட்டம், எந்த வாசல், எல்லாத்தையும் எழுதிச் சுவத்துலயே ஒட்டினேன்.”

“அது போதும்.”

“இந்தக் குளிர்ல கரையில நின்னா கேட்கப் போறீங்க? இறங்கியாவது கேளுங்க” என்று அவளுடைய நீச்சல் உடை இருந்த அறையின் சாவியை நீட்டினாள் யூடிட்.

பதினாறு வருடம். பிள்ளை குட்டி இல்லாத அவளுக்கும் வில்மோஷுக்கும் இந்த புடாபெஸ்ட் நகரத்தில் சொந்தம் என்றால் அந்த ஆறரை மணிக் கூட்டம்தான். குவிமாடத்தையும் தூண்களையும் படம் பிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து சேருவதற்குள் அவர்கள் ஊரையே பேசித் தீர்த்துவிடுவார்கள். ஓர்ஷோயாவின் விவாகரத்து, ஆகோஷின் முழங்கால் அறுவை, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்பது வரை எல்லாம் அந்தத் தண்ணீரில் வைத்துத்தான். வில்மோஷும் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அவர்கள் மட்டுமே. அதனால் என்ன? வராதவர்களிடம் போய் ஒட்டிக்கொள்வதாக இல்லை அவள். கேட்டுவிட வேண்டும். முடித்துக்கொள்ள வேண்டும்.

நீச்சல் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். ஆவிக்குள் வழக்கமான மூலையில் வழக்கமான தலைகள்.

“என்ன, பேச்சே காணோம்?” என்றாள் ஹெட்விக்.

“நாங்க என்னத்தைப் பேச? நீங்கதான் சொல்லணும்” என்றார் ஆகோஷ். குரலில் கோபம் இருந்தது.

“ஓ, கோபம் வேற வருதா உங்களுக்கு? டிராம் ஓட்டின காலத்துல லேட்டா வந்துட்டு, பிரயாணிங்க மேலேயே எரிஞ்சு விழுவீங்களாமே, அந்தப் பழக்கம் போகலை. பதினாறு வருஷம் அவர் வாங்கிட்டு வந்த ரொட்டியைத் தின்னீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்தீங்களா?”

“வரலையா?” ஆகோஷ் சுற்றிலும் பார்த்தார். “ஓர்ஷோயா, கேட்டியா இதை? நாங்க வந்தோம்மா. அத்தனை பேரும் வந்தோம். நீங்கதான் வரலை.”

“கட்டின புருஷன் அடக்கத்துக்கு நான் போகலையா? நல்லா இருக்கே கதை!”

“அக்கா, சத்தியமா வந்தோம்” என்றாள் ஓர்ஷோயா. “முன்னாடி நாற்காலியில உயரமா ஒரு அம்மா உட்கார்ந்து அழுதுட்டு இருந்தாங்க. உங்களைக் காணோம். உடம்பு முடியாமப் படுத்துட்டீங்கன்னு நினைச்சோம்.”

“அது அவரோட அக்கா. அவ போட்ட கூச்சல் தாங்காம நான் தள்ளிப் போய் மரத்தடியில நின்னேன். மழையில நின்னுக்கிட்டு ஒவ்வொரு முகமாப் பார்த்தேன். அவர் ஆபீஸ்காரங்க மூணு பேரு. மத்ததெல்லாம் தெரியாத முகம். அடுத்த அடக்கத்துக்கு வந்து காத்திருந்த கும்பல் போல.”

“நாங்க...”

“இருங்க, முடிச்சுடறேன்!” ஹெட்விக் கையை உயர்த்தித் தடுத்தாள். “யாருன்னே தெரியாத ஒரு மனுஷன். தடிக் கண்ணாடி, காது வரைக்கும் ரோமத் தொப்பி. தானா வந்து பக்கத்துல நின்னு, எல்லாம் முடியற வரைக்கும் எனக்குக் குடை பிடிச்சாரு. ஒரு வார்த்தை பேசலை. அவர் பாதி நனைஞ்சுட்டாரு. முன்பின் தெரியாத அவருக்கு இருந்த ஈரம் உங்க ஒருத்தருக்கும் இல்லையே?”

ஆகோஷ் முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

“கறுப்பு முக்காட்டோட யாரோ ஒரு அம்மா நனைஞ்சுட்டு நிக்கறாங்களேன்னுதான் பிடிச்சேன்” என்றார் மெதுவாக. “கோட்டும் துணியுமா உங்களை நான் எங்கேம்மா பார்த்திருக்கேன்? குடையைப் பிடிச்சுக்கிட்டே, அவ்வளவு நேரமும் கூட்டத்துல உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்.”