சாமி இல்லாதவள்

அவள் உள்ளங்கைக்குக் கீழே சூடம் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு தட்டு தட்டி அணைக்க வேண்டும். அணைத்துவிட்டு, "எங்க கார் அந்தப் பக்கமே போகலை" என்று சொல்ல வேண்டும்.

அவ்வளவுதான்.

உச்சி வெயில். கருப்பர் கோயில் வாசலில் ஊரே கூடி நின்றது.

எதிரே பேச்சியம்மாள். போன வாரம் கண்மாய்க்கரை ரோட்டில் ஏதோ ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போனதில் செத்த மலைராசுவைப் பெற்றவள். போலீசுக்குச் சாட்சி கிடைக்கவில்லை. அடித்தது ராமச்சந்திரனின் கார்தான் என்று ஊரில் முணுமுணுத்தார்கள். "கருப்பன் முன்னாடி சூடம் அணைச்சுச் சொல்லட்டும். நான் பேசாமப் போயிர்றேன்" என்று பேச்சியம்மாள் வந்து நின்றாள்.

ராமச்சந்திரன் இவளுடைய கணவன்.

சூடம் என்றதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. பொய்ச் சத்தியம் செய்தால் வம்சமே விளங்காது என்று மாமியார் அலறினாள். பிறகு இருவரும் சேர்ந்து இவளைப் பார்த்தார்கள்.

கல்யாணமான நாள் முதல் திருநீறு பூசாதவள். குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தால் செருப்புக்குக் காவலாக வெளியே நிற்பவள். அதற்காக அவளைத் திட்டாத நாளில்லை மாமியார். இன்று காலையில் அதே மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத்தான் சாமி கிடையாதேம்மா. உன்னை ஒண்ணும் செய்யாது."

காரில் அவளும்தான் இருந்தாள், அவளே சத்தியம் செய்யட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். பேச்சியம்மாள் மறுக்கவில்லை.

"அவ கும்பிடாட்டி என்ன? கருப்பனுக்கு அவளைத் தெரியும்."

இவள் நிமிர்ந்து கருப்பனைப் பார்த்தாள். எண்ணெய் வழியும் கல். கையில் அரிவாள். மல்லிகைச் சரம்.

பயம் வரவில்லை.

எவ்வளவு தேடியும் வரவில்லை.

பொய் சொன்னால் தடுக்க யாருமே இல்லை.

போன வாரம், அந்தி மயங்கிய நேரம் அது. சத்தம் கேட்டதும் ராமச்சந்திரன் காரை நிறுத்தத்தான் செய்தான். பின்னால் ரோட்டில் கிடந்தவன் ஒரு கையைத் தூக்கினான். "இறங்குங்க, உசுரு இருக்கு" என்றாள் அவள். அவன் கண்ணாடியில் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

பிறகு கியரைப் போட்டான்.

அவள் கதவைத் திறக்கவில்லை.

சூடு உள்ளங்கையைச் சுட்டது.

பேச்சியம்மாள் நெருப்பைப் பார்க்கவில்லை. சாமியையும் பார்க்கவில்லை. இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாலும் நம்பிவிடும் முகம்.

"அணைச்சிரு, கொடி." முதுகுக்குப் பின்னால் கணவனின் குரல் கெஞ்சியது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்க கார்தாம்மா. உங்க மகன் கையைத் தூக்குனாரு. இவரு பாத்தாரு. பாத்துட்டு ஓட்டிட்டு வந்துட்டாரு." பேச்சியம்மாளின் கண்ணைப் பார்த்தாள். "நானும் கூடவே வந்துட்டேன்."

மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். நகரப் பார்த்த ராமச்சந்திரனை நாலு பேர் மறித்துக்கொண்டார்கள். யாரோ போலீசுக்குப் போன் பேசினார்கள்.

பேச்சியம்மாள் நடந்து வந்தாள்.

அறைவாள் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அறை விழவில்லை. சொரசொரத்த இரண்டு கைகள் அவள் முகத்தை ஏந்தின.

"கருப்பன்தான் உன்னைப் பேச வச்சான்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பேசியது அவள். யார் பயமுறுத்தியும் அல்ல. வாழ்க்கையில் இந்த ஒன்றையாவது தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது.

கிழவி அவள் முகத்தை விடவில்லை.

"அப்ப எம்புள்ள தனியாக் கெடக்கலைதானே? கருப்பன் அங்கன இருந்திருப்பான்தானே? சொல்லு தாயி. பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பான்?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கைகளின் மேல் தன் கைகளை வைத்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "சாமி கூடவேதான் இருந்துச்சு."