தண்ணீர் மேடேறிய காலை

பனி விலகுவதாக இல்லை.

ஓடைக்கரையில் கோயில் ஃபாதர் கொண்டுவந்து நிறுத்திய கறுப்புத் தகடுகளைப் பார்த்தபடி லியனார்ட் நின்றான். வெயில் பட்டால்தான் பம்பு ஓடுமாம். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாமாம்.

தை பிறந்ததிலிருந்து நானுஓயாப் பக்கம் மழையில்லை. மேலே, லய வீடுகளுக்குப் பின்னாலிருந்த சரிவில், அவன் போட்ட கரட்டும் முட்டைக்கோவாவும் வாடிக் கிடந்தன. தேயிலைத் தோட்டச் சம்பளம் அரிசிக்கே பற்றாது. மற்றதற்கெல்லாம் அந்தத் துண்டு நிலம்தான்.

போன கோடையில் அவனும் மனைவி ஐவியுமாக அந்தச் செங்குத்துப் பாதையில் தண்ணீர் சுமந்தார்கள்.

இந்தக் கோடையில் அவள் வாளியைத் தொடவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்தால் அடுப்படியோடு சரி. கேட்டால், முடியவில்லை என்பாள்.

ஒற்றை ஆளாகச் சுமந்து சுமந்து அவன் தோள் காய்த்துப்போனது. நேற்று வாய் தவறிவிட்டது. பயிர் கருகுவதைப் பார்க்க அவளுக்கு ஆசை போலும் என்று சொல்லிவிட்டான்.

சட்டென்று பனி கலைந்தது. தகடுகளின் மேல் வெயில் விழுந்தது.

பம்பு முனகியது. தரையில் கிடந்த குழாய் ஒருமுறை துள்ளியது.

லியனார்ட் குழாயை ஒட்டியே மேட்டில் ஓடினான். மூச்சிரைக்க அவன் போய்ச் சேர்ந்தபோது, குழாயின் வாயை ஐவி பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் காற்று வந்தது. பிறகு சேறு. அப்புறம், தெளிந்த தண்ணீர்.

வாய்க்காலில் அது விழுந்த இடமெல்லாம் மண் கறுத்தது. பக்கத்துப் பாத்திக்காரன் சோலைமலை மண்வெட்டியோடு ஓடிவந்து தன் பக்கம் வழிவெட்டினான்.

லியனார்ட் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இனி யாரும் சுமக்க வேணாம் ஐவி. நேத்துச் சொன்னத மனசுல வச்சுக்காத."

அவள் குழாயை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு அவனருகே மெதுவாக உட்கார்ந்தாள். சோலைமலைக்குக் கேட்காதபடி பேசினாள்.

"போன வருசம் வாளியத் தூக்காதன்னு எவ்வளவோ சொன்னீங்க. நான் கேக்கல. இந்தச் சரிவுலதான் கலைஞ்சுபோச்சு. மூணு மாசம் தாண்டட்டும்னுதான் வாயத் தெறக்காம இருந்தேன். இந்தத் தடவ நீங்க சொல்லாமலே கேட்டுக்கிட்டேங்க."